பார்த்தாயிற்று, சொன்னாயிற்றா?

2024 நவம்பரில் ஆலப்புழையில் பிறந்த ஒரு குழந்தையைப் பற்றிய செய்தி கேரளத்தையே உலுக்கியது. கண், காது, வாய், இதயம் என்று பல உறுப்புகளில் கடுமையான பிறவிக் குறைபாடுகள். கர்ப்ப காலத்தில் பலமுறை ஸ்கேன் எடுத்தும் எல்லாம் சரியாக இருப்பதாகவே தங்களிடம் சொல்லப்பட்டது என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். நான்கு மருத்துவர்கள்மீது போலீஸ் வழக்குப் பதிந்தது. ஸ்கேன் எடுத்த இரண்டு தனியார் மையங்களின் உரிமத்தைச் சுகாதாரத் துறை ரத்து செய்து, இயந்திரங்களுக்கு முத்திரை வைத்தது. துறையின் கூடுதல் இயக்குநர் தலைமையில் ஒரு நிபுணர் குழு விசாரித்தது. ஊரெல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு பெரிய குறைகள் ஸ்கேனில் எப்படித் தெரியாமல் போகும்? ஆனால் அந்தக் குழுவின் முதற்கட்ட அறிக்கை என்று செய்திகளில் வெளியானது வேறொரு இடத்தைச் சுட்டியது. சிகிச்சையில் பெரிய பிழை இல்லை. பனிக்குட நீர் அதிகமாக இருப்பதையும் அதனால் என்ன வரக்கூடும் என்பதையும் பெற்றோருக்குப் புரியும்படி தெரிவிப்பதில்தான் குறை இருந்தது என்றது அது. பெற்றோருக்கு இதில் என்ன ஆறுதல் இருந்திருக்க முடியும்? ஆனாலும் ஸ்கேன், எக்ஸ்-ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. என்று விரியும் இந்தத் துறையில் வழக்குகள் எங்கிருந்து முளைக்கின்றன என்று தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு அது. கண் தவறவிடுவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கண்டது உரியவர் காதில் விழாமல் போவதைப் பற்றிப் பேசுவது குறைவு. என் பார்வையில், தடுக்கக்கூடிய ஆபத்து இரண்டாவதில்தான் அதிகம் இருக்கிறது.

மருத்துவர்களை நுகர்வோர் நீதிமன்றத்தில் நிறுத்த முடியுமா என்ற கேள்வியை நாடு தழுவிய சட்டக் கேள்வியாக ஆக்கியதில் திருவனந்தபுரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்நகரின் காஸ்மோபாலிட்டன் மருத்துவமனை தொடர்பான மேல்முறையீட்டில்தான், கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவம் நுகர்வோர் சட்டப்படி ஒரு 'சேவை'யே என்று தேசிய ஆணையம் 1992 ஏப்ரல் 21 அன்று சொன்னது. அங்கே அப்போது முடிவானது சட்டம் பொருந்துமா என்ற கேள்வி என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு நேர்மாறான கருத்தை எடுத்தது. நோயைக் கண்டறிவதும் சிகிச்சை தருவதும் அந்தச் சட்டத்துக்குள் வராது என்றது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன இந்த முரண்பாட்டை இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களைத் தவிர மற்றவை சட்டத்துக்குள் வந்தன. 2019-ல் புதிய நுகர்வோர் சட்டம் வந்தபோது மருத்துவர்கள் விடுபட்டுவிட்டதாகச் சிலர் வாதாடினார்கள். 2022-ல் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. ஆகவே ஸ்கேன் மையத்துக்குக் கட்டணம் கட்டி ரசீது வாங்கும் ஒவ்வொருவரும் வழக்குத் தொடுக்கும் உரிமையோடுதான் வெளியே வருகிறார்.

உரிமை இருப்பதும் வழக்கு ஜெயிப்பதும் வேறு. 1957-ல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் உருவான அளவுகோலைத்தான் நம் நீதிமன்றங்களும் கைக்கொண்டிருக்கின்றன. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. மருத்துவரிடம் எதிர்பார்க்கப்படுவது அத்துறையில் சாதாரணத் தேர்ச்சியுள்ள ஒருவரின் திறமை. எல்லாம் தெரிந்த மேதையாக அவர் இருக்க வேண்டியதில்லை. தீர்மானத்தில் நேர்ந்த பிழை மட்டுமே அலட்சியமாகிவிடாது. மங்கலான ஒரு நிழலை ரேடியாலஜிஸ்ட் ஒருவர் தவறவிட்டால், 'நானும் தவறவிட்டிருப்பேன்' என்று இன்னொரு ரேடியாலஜிஸ்ட் கூண்டேறிச் சாட்சி சொல்ல முடியும். நீதிமன்றம் அதைக் காது கொடுத்துக் கேட்கும். ஆனால் நிழலைப் பார்த்திருக்கிறார், ரிப்போர்ட்டில் எழுதியும் இருக்கிறார், அது உரியவருக்குப் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'நானும் போன் செய்திருக்க மாட்டேன்' என்று எந்த நிபுணர் வந்து சொல்வார்? சொன்னாலும் அதில் நிபுணத்துவம் என்ன இருக்கிறது? பார்ப்பது ஒரு தீர்மானம், அதனால் அதற்குச் சட்டம் இடம் விட்டிருக்கிறது. போன் எடுப்பதில் தீர்மானம் என்று எதுவும் இல்லை. பிரச்சினை சொல்லப்படாததாக இருக்கும்போது மருத்துவரின் மிக வலுவான தற்காப்பு கைநழுவிப் போகிறது.

பார்வைப் பிழையை அறவே ஒழித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இத்துறையின் வரலாறு அதிகம் நம்பிக்கை தராது. சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ரேடியாலஜிஸ்ட் லியோ ஹென்றி கார்லண்ட் 1949-லேயே இதைச் சோதித்துக் காட்டினார். தேர்ந்த நிபுணர்கள் நெஞ்சு எக்ஸ்-ரேக்களைப் படித்தபோது, நோய் இருந்த படங்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தவறவிட்டார்கள். அதே நிபுணர் அதே படத்தை மறுமுறை பார்த்துத் தம் முடிவைத் தாமே மாற்றிக்கொண்டதும் உண்டு. கர்ப்ப கால ஸ்கேனுக்கு வருவோம். அமெரிக்காவில் 15,151 பெண்களைக் கொண்டு நடந்து 1993-ல் வெளியான ரேடியஸ் ஆய்வில், எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்த பிரிவில்கூடப் பெரிய குறைபாடுகளில் 35 சதவீதம்தான் பிரசவத்துக்கு முன் கண்டறியப்பட்டன. 24 வாரத்துக்குள் கண்டறியப்பட்டவை 17 சதவீதம். இன்றைய இயந்திரங்கள் அவற்றைவிடப் பல மடங்கு தெளிவானவை, கண்டறியும் விகிதமும் கூடியிருக்கிறது. ஆனாலும் சிசு திரும்பிப் படுத்திருப்பது, தாயின் வயிற்றுச் சுவரின் தடிமன், நீரின் அளவு, சில குறைகள் பிந்திய மாதங்களில்தான் வெளிப்படுவது ஆகிய எல்லாம் இப்போதும் குறுக்கே நிற்கின்றன. 24 வாரம் என்பதற்கு நம் நாட்டில் தனிப் பொருள் உண்டு. 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, அதைத் தாண்டினால் கடுமையான சிசுக் குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால்தான் வழி. ஆகவே ஐந்தாம் மாத ஸ்கேனில் ஒரு சந்தேகம் எழுந்து, அது இரண்டு வாரம் தாமதமாகத் தாய்க்குத் தெரிந்தால், அவர் முன்னிருந்த ஒரு கதவு அந்த இரண்டு வாரத்தில் சாத்தப்பட்டிருக்கலாம். திறந்திருந்தால் அவர் என்ன முடிவெடுத்திருப்பார் என்பது அவர் விஷயம். முடிவெடுக்கும் வாய்ப்பு பறிபோனது என்பதுதான் வழக்கின் வேர்.

மேல்நாட்டில் இதைப் பற்றி எழுதப்பட்டவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. அங்கே ரிப்போர்ட் ரேடியாலஜிஸ்டிடமிருந்து நேராக, அனுப்பிய மருத்துவருக்குப் போகும். நோயாளி நெடுங்காலம் அதைக் கண்ணால் கண்டதில்லை. நம் ஊரில் தலைகீழ். கவுன்ட்டரில் பெரிய கவரை நீட்டுவார்கள். பிலிமும் ரிப்போர்ட்டும் நோயாளியின் கையிலேயே இருக்கும். அவர்தான் தபால்காரர். ஆனால் உள்ளே இருப்பது அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழி. ஆங்கிலம் தெரிந்தவருக்குக்கூட அந்த ஆங்கிலம் தெரியாது. திருவனந்தபுரத்தில் இது இன்னும் ஒரு சுற்று சிக்கலானது. மண்டலப் புற்றுநோய் மையம், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று மூன்று பெரிய நிலையங்களை நம்பி நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலிப் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் காலம்காலமாகப் போய் வருகின்றன. ரிப்போர்ட் ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில், கேட்பவர் தமிழ். எல்லைப்புறத்து மக்களுக்கு மலையாளம் ஓரளவு புரியும் என்பது உண்மைதான். பேருந்து நிலையத்தில் வழி கேட்கப் போதுமான மலையாளம், நுரையீரலில் கண்ட கட்டி புற்றாக இருக்குமா என்று தெரிந்துகொள்ளப் போதாது.

அந்த ரிப்போர்ட்டின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். 'மருத்துவ-சட்டத் தேவைகளுக்கு உரியதல்ல' என்று பல மையங்கள் அச்சிட்டிருக்கும். 'எல்லாக் குறைபாடுகளையும் ஸ்கேனில் கண்டறிய இயலாது' என்று இன்னொரு வரி. 'கிளினிக்கல் கோரிலேஷன் தேவை' என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான முடிவுரை; நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர் பொருத்திப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பொருள். இவற்றை எழுதினால் வழக்கிலிருந்து தப்பலாம் என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. எனக்கு அது கோயில் வாசலில் கட்டிய எலுமிச்சை போலத்தான் தோன்றுகிறது. ஒரு தகுதியுள்ள மருத்துவர் கையெழுத்திட்டுக் கட்டணம் வாங்கிக் கொடுத்த ரிப்போர்ட்டை, 'இது சட்டத்துக்கு அப்பாற்பட்டது' என்ற ஒரு வரி எப்படிச் சட்டத்துக்கு அப்பால் தள்ளும்? ஸ்கேனின் வரம்பைப் பற்றிய வரியில் உண்மை இருக்கிறது. ஆனால் அது ஸ்கேன் முடிந்தபின், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் வருகிறது. நோயாளிக்குப் போதுமான தகவலைத் தந்து பெறும் சம்மதமே சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அறுவை சிகிச்சை பற்றிய வழக்கு என்றாலும், அதன் தர்க்கம் ஸ்கேன் மேசைக்கும் நீளும். அதே வரியை ஸ்கேனுக்கு முன்பு, தாயின் மொழியில், வாயால் சொன்னால் அது எச்சரிக்கை. பின்னால் அச்சிட்டால் வெறும் தற்காப்பு.

சொல்லாமல் விடுபடும் செய்திகளில் மிகவும் ஆபத்தானவை, தேடாமல் கண்ணில் படுபவை. சிறுநீரகக் கல்லுக்காக வயிற்று சி.டி. எடுக்கிறார்கள். படத்தின் மேல் ஓரத்தில் நுரையீரலின் அடிப்பகுதியும் விழும். அங்கே ஒரு சிறு கட்டி. ரேடியாலஜிஸ்ட் அதைப் பார்க்கிறார், எழுதுகிறார், ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்கிறார். கவர் சிறுநீரக மருத்துவரிடம் போகிறது. அவர் தேடுவது கல்லின் அளவு. அது முதல் வரியில் கிடைத்துவிடுகிறது. கல் வெளியேறியதும் நோயாளி நலமாகி வீடு போகிறார், கவர் பீரோவுக்குள் போகிறது. இரண்டு ஆண்டு கழித்து இருமல் வரும்போது அந்தக் கவரைத் தேடி எடுப்பார்கள். இங்கே யாருமே தவறாகப் பார்க்கவில்லை. ஊமை கண்ட கனவாக அந்தக் கண்டுபிடிப்பு ரிப்போர்ட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2007-ல் இதற்கென்றே, ரிப்போர்ட் வந்தும் நடவடிக்கை எடுக்கப்படாமல் போவதைப் பற்றியே, ஓர் எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட்டது.

நம் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ரேடியாலஜி அல்ல, திசுப் பரிசோதனை, ஆனால் சங்கிலி அறுந்த விதம் ஒன்றேதான். 2019-ல் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் என்று கீமோதெரபி தொடங்கப்பட்டது. ஆதாரம், ஒரு தனியார் ஆய்வகத்தின் ரிப்போர்ட். மருத்துவக் கல்லூரியின் சொந்த ஆய்வகத்துக்கும் திசு அனுப்பப்பட்டிருந்தது; அதன் முடிவு பின்னால் வந்தபோது புற்றுநோய் இல்லை என்றிருந்தது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் மறுபரிசோதனை செய்தும் புற்றுநோய் இல்லை என்றே உறுதியானது. தனியார் ஆய்வகம் தவறாகப் படித்தது முதல் பிழை என்றால், ஒரு ரிப்போர்ட் இன்னும் வரவேண்டியிருக்கிறது என்பது சிகிச்சையைத் தொடங்குபவரின் கையைப் பிடித்து நிறுத்தாமல் போனது இரண்டாவது. முதல் பிழை நுண்ணோக்கியடியில் நடந்தது. இரண்டாவது நடந்தது இரண்டு அறைகளுக்கு நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில்.

ஸ்கேன் அறையின் மௌனத்துக்கு இந்தியாவில் தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. மேல்நாட்டுக் கட்டுரைகளில் அதைக் காண முடியாது. சிசுவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வகையிலோ தெரிவிக்கக் கூடாது என்கிறது 1994-ம் ஆண்டுச் சட்டம். பெண் சிசுக்களைக் காப்பாற்ற வந்த சட்டம். அதன் தேவையை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அது அறைக்குள் ஏற்படுத்திய பழக்கத்தைப் பார்க்க வேண்டும். திரை தாய்க்குத் தெரியாதபடி திருப்பி வைக்கப்படுகிறது. உறவினர் வெளியே நிற்கிறார்கள். எந்தச் சொல் எப்படி எடுத்துக்கொள்ளப்படுமோ என்ற பயத்தில் ஸ்கேன் செய்பவர் வாயை இறுக மூடிக்கொள்கிறார். பாலினத்தைச் சொல்லாதே என்ற சட்டம், எதையும் சொல்லாதே என்ற பழக்கமாக மாறிவிட்டது. கூடவே ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 'ஃபார்ம் எஃப்' நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம் விடுபட்டாலும் குற்றம்தான் என்று 2019 மே மாதம் மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. எனவே படிவத்தில் அணுவளவும் பிசகாமல் இருக்கிறார்கள். தாயிடம் என்ன சொன்னோம் என்பதற்குப் பதிவேடு ஏதும் இல்லை. பனிக்குட நீர் அதிகம், இதயத்தின் நான்கு அறைகளும் இன்று தெளிவாகத் தெரியவில்லை, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்வதை அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. தடையின் எல்லை எவ்வளவு குறுகியது என்பதை மருத்துவர்களுக்கே யாராவது அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேசினால் வழக்கு குறையும் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஜெரால்ட் ஹிக்சன் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்தை ஒட்டிப் பாதிப்புக்குள்ளான குழந்தைகளின் குடும்பங்களிடம் ஏன் வழக்குப் போட்டீர்கள் என்று கேட்டார். பணத் தேவை ஒரு காரணம். ஆனால் மருத்துவர் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை, எங்களைத் திசைதிருப்பினார் என்று ஏறத்தாழப் பாதிக் குடும்பங்கள் சொன்னன. 1997-ல் வெண்டி லெவின்சன் குழு மருத்துவர்களின் உரையாடல்களைப் பதிவுசெய்து ஒப்பிட்டது. வழக்குகளைச் சந்திக்காத குடும்ப மருத்துவர்கள் ஒரு நோயாளியோடு சராசரியாக 18.3 நிமிடம் செலவிட்டார்கள். சந்தித்தவர்கள் 15 நிமிடம். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று முன்னவர்கள் கூடுதலாக விளக்கினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல் பிழைகளைத் தானே நோயாளியிடம் சொல்லி, தேவையானால் இழப்பீட்டையும் தானே முன்வந்து தரும் முறையைக் கொண்டுவந்தது. பின்னர் ஒரு லட்சம் சந்திப்புகளுக்கு 2.13 ஆக இருந்த வழக்கு 0.75 ஆனது என்று 2010-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இந்த ஆதாரங்களின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. லெவின்சன் ஆய்வில் அறுவை மருத்துவர்களிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை. மிச்சிகனில் அதே காலத்தில் மாநிலம் முழுவதுமே வழக்குகள் குறைந்துகொண்டிருந்தன. எதுவும் ரேடியாலஜியை மட்டும் தனியாக அளந்ததல்ல. ஆகவே இனிக்க இனிக்கப் பேசினால் வழக்கு வராது என்று இவற்றை வைத்து யாரும் முழங்க முடியாது. வழக்குத் தொடுப்பவரின் மனத்தில் காயத்தோடு கூடவே 'மறைத்துவிட்டார்கள்' என்ற எண்ணமும் இருக்கிறது என்பதை மட்டும் இவை போதுமான அளவு காட்டுகின்றன.

ரேடியாலஜிஸ்டுகள் எழுப்பும் முதல் ஆட்சேபம், 'இவர் என் நோயாளி அல்ல' என்பது. அனுப்பியவர் வேறு மருத்துவர்; நோயின் முழுக் கதை அவருக்குத்தான் தெரியும்; நடுவில் நான் புகுந்து அரைகுறையாகச் சொன்னால் நோயாளி கலங்குவார், அனுப்பியவர் கோபித்துக்கொள்வார், நாளைக்கு வேறு மையத்துக்கு அனுப்பிவிடுவார். கடைசிக் காரணம் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை, ஆனால் அதன் எடை அதிகம். ஸ்கேன் மையங்களின் பிழைப்பு அனுப்பும் மருத்துவர்களின் தயவில் நடக்கும் வரை இந்தத் தயக்கம் இருக்கும். வாதத்தில் நியாயமும் இருக்கிறது: கட்டியைப் பார்த்த மாத்திரத்தில் புற்றுநோய் என்று அந்த அறையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது இரண்டே. 'ஒன்று இருக்கிறது, அதைக் கவனிக்க வேண்டும், உங்கள் டாக்டரை இத்தனை நாளுக்குள் பாருங்கள்' என்று நோயாளியிடம். 'உங்கள் நோயாளிக்கு இது இருக்கிறது' என்று டாக்டரிடம். நோய் எதுவென்று சொல்லாமலே அவசரம் எவ்வளவு என்று சொல்ல முடியும். 2018-ல் பென்சில்வேனியா மாநிலம் இயற்றிய சட்டம் ஏறக்குறைய இதைத்தான் கட்டாயமாக்கியது: வெளிநோயாளி ஒருவரின் படத்தில் முக்கியமான மாறுதல் தெரிந்தால் 20 நாளுக்குள் அவருக்கே நேரடியாகத் தெரிவித்தாக வேண்டும். அமெரிக்கா முழுவதும் மாமோகிராம் எடுத்த பெண்ணுக்கு எளிய மொழியில் முடிவை அனுப்புவது அதற்கும் முன்பே சட்டமாகிவிட்டது. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியும் 1991-லிருந்து, அவசரமான, எதிர்பாராத கண்டுபிடிப்புகளை வழக்கமான ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல் நேரில் தெரிவிக்க வேண்டும் என்று வழிகாட்டி வருகிறது. 'என் நோயாளி அல்ல' என்ற வரி அங்கே பழங்கதையாகிவிட்டது.

நேரம் எங்கே என்பது அடுத்தது. நம் நாட்டில் மக்கள் தொகைக்கு ரேடியாலஜிஸ்டுகள் மிகவும் குறைவு. அரசு மருத்துவமனை ஒன்றில் வரிசை வெளியே வராந்தா வரை நிற்கும்போது ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் பேசு என்பது கொடுமை. ஆனால் ஒவ்வொருவரோடும் பேச வேண்டியதில்லை. மூளையில் ரத்தக்கசிவு, நெஞ்சறையில் காற்றுச் சேர்ந்து நுரையீரல் சுருங்கியது, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு போன்றவற்றுக்கு நிமிடக் கணக்கில் போன். சில மணி நேரம் பொறுக்கக்கூடியவை வேறு. எதிர்பாராத கட்டி போன்றவற்றுக்குச் சில நாள். இப்படி மூன்று தரமாகப் பிரித்து வைத்துக்கொண்டால், போன் செய்யவேண்டியவர்கள் ஒரு நாளில் சிலரே இருப்பார்கள். எடுத்தவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்; யார், எத்தனை மணிக்கு என்று ரிப்போர்ட்டிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும். பின்னால் வழக்கு வந்தால் அந்த ஒரு வரிக்கு ஈடான சாட்சி இல்லை.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. பிழையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தால் அதையே நீதிமன்றத்தில் ஆதாரமாக நீட்டுவார்களே என்கிறார்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், மருத்துவர் தெரிவித்த வருத்தத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இங்கே அப்படியொரு காப்பு இல்லை. மருத்துவரின் அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சம்ஹிதையின் 106-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் என்ன பார்த்தோம், என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது. முந்தைய ஸ்கேனில் விடுபட்டது இன்றைய ஸ்கேனில் தெரிகிறது என்றால் அதைச் சொல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் திருத்துவது, மூடி மறைப்பு என்ற புதிய குற்றச்சாட்டைப் பழையதன் தலையில் ஏற்றிவைப்பதில்தான் முடியும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன. இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வழக்கறிஞருக்கு அதிக நேரம் பிடிக்காது.

எதிர்த்திசையிலிருந்து வரும் ஆட்சேபத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். இதெல்லாம் நோயாளியை வழக்குப் போடாமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம்தானே? மோசமாக ஸ்கேன் பார்த்துவிட்டு நயமாகப் பேசிச் சமாளிப்பவருக்கு நீங்கள் வழி சொல்லித் தருகிறீர்களா? வழக்கு எண்ணிக்கை குறைவதை மட்டும் வெற்றியாகக் கொண்டால் இந்தக் குற்றச்சாட்டு முழுக்கச் சரி. நாக்பூரில் ஒரு குழந்தை கை கால்களில் பெரும் குறைகளோடு பிறந்தது; கர்ப்ப காலத்தில் எடுத்த ஸ்கேன்களில் அவை ஒன்றும் சொல்லப்படவில்லை. 2023-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்த இடத்தில் எந்த இன்சொல்லும் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. நான் இங்கே பேச்சு என்று சொல்வது நயத்தை அல்ல, செய்தி போய்ச் சேர்வதை. ஐந்தாம் மாத ஸ்கேனில் தெளிவாகத் தெரியாத உறுப்பு எது என்று தாயிடம் சொன்னால் அவர் இன்னொரு இடத்தில் காட்டுவார். அங்கே முதல் மையத்தின் தவறு வெளிப்படவும் செய்யலாம். அந்த வகையில் பார்த்தால், நேர்மையாகச் சொல்வது மோசமாகப் பார்ப்பவருக்கு ஆபத்தானது. அப்படியே இருக்கட்டும்.

பேச்சின் முதல் பாதியை நான் இதுவரை தொடவே இல்லை. அது ஸ்கேன் அறையில் தொடங்குவதில்லை. அனுப்பும் மருத்துவரின் சீட்டில் தொடங்குகிறது. 'யு.எஸ்.ஜி. அப்டமன்' என்று இரண்டு சொல் கிறுக்கி அனுப்பும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. எதற்காக, எத்தனை நாளாக வலி, முன்பு என்ன அறுவை, போன ஸ்கேனில் என்ன கண்டது, எதுவும் இருக்காது. எதைத் தேட வேண்டும் என்று தெரியாமல் தேடுகிறவர் 'கிளினிக்கல் கோரிலேஷன் தேவை' என்று எழுதாமல் வேறு என்ன செய்வார்? இரவு ஒன்பது மணிக்கு ஆபத்தான ஒன்றைக் கண்டவர் யாரைக் கூப்பிடுவார், சீட்டில் எண் இல்லையென்றால்? கேரளத்தில் 2018-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இ-ஹெல்த் திட்டம் பரவிக்கொண்டிருக்கிறது. சிக்கலான மென்பொருள் எதுவும் வேண்டாம். காரணம் ஒரு வரி, முந்தைய ஸ்கேன் உண்டா இல்லையா, அனுப்பும் மருத்துவரின் கைபேசி எண், நோயாளிக்கு எந்த மொழி புரியும்: இந்த நான்கும் இல்லாத சீட்டை ஸ்கேன் மையம் திருப்பி அனுப்பலாம் என்று ஒரு சுற்றறிக்கை போதும். முதல் வாரம் மருத்துவர்கள் எரிச்சல் படுவார்கள். மார்த்தாண்டத்திலிருந்து விடிகாலைப் பேருந்து பிடித்து வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியாது என்று மையங்கள் சொல்லும். அதுவும் சரிதான், அப்போது கவுன்ட்டரில் இருப்பவர் அவரிடமே கேட்டு நிரப்பிக்கொள்ளட்டும்.